ரங்கியின் மஞ்சள் விளக்கு

செப்டம்பர் 30, திங்கள்

பித்ருபட்சம், முன்னோருக்கான பதினைந்து நாள், முடிகிறவரை புதுக் கார் வீட்டுக்கு வரக் கூடாது. அது ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. நான் தினமும் சிட்டி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்று வாசல் காவலாளி என்னைக் கண்டதும், "உங்க பொண்ணு சௌக்கியமா இருக்கும்மா, நேத்து துடைச்சு விட்டாங்க" என்றான்.

அக்டோபர் 4, வெள்ளி

வந்துவிட்டாள். ஆரஞ்சு நிறம். பெயர் ரங்கி. வைத்தது நான், யாரையும் கேட்கவில்லை.

சர்வீஸ் சென்டர் பெண் ஸ்பூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். இது ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் திருப்பி இழுக்கும், இது முன்னால் ஆள் வந்தால் தானே பிரேக் போடும், இது நீங்கள் தூங்கி வழிந்தால் எழுப்பும். "புரிஞ்சுதா மேடம்?" "புரிஞ்சுது." ஒரு எழவும் புரியவில்லை. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நசுக்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். ரங்கி நகரவில்லை. ஷோரூமே கைகட்டி நின்று பார்க்கிறது. கடைசியில் ஸ்பூர்த்தி கையை நீட்டி எதையோ தட்டினாள். பழம் நசுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஐம்பத்தோரு வயதில் எனக்காக யாரும் கை தட்டி நான் பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் இவர் நின்றார். சுற்றி வந்தார். டயரை ஒரு உதை.

"தானா பிரேக் போடுமாம்ல?"

"போடும்."

"அப்புறம் டிரைவர் எதுக்கு, பாட்டு பாடவா?"

கோபமில்லை எனக்கு. இருபத்தாறு வருஷம் சிவமொக்கா–உடுப்பி மினி பஸ் ஓட்டியவர், ஆகும்பே மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது, இனி ஸ்டியரிங் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்தோம். வழி முழுக்க ஆட்டோக்காரனுக்கு கியர் சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாளே நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இவரிடம் சொன்னது லைசென்ஸ் வந்த பிறகு.

இன்று ஏறி உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் இவர் கண்ணை மூடினதே இல்லை. கல்யாணம் முடிந்து வந்த வண்டியிலும் டிரைவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர்தான்.

தீபாவளிக்கு மகள் வீட்டுக்கு, உடுப்பிக்கு, ஆகும்பே வழியாக நான் ஓட்டிக்கொண்டு போவேன். எழுதி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 5, சனி

வலதுபக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். வைப்பர் ஓடியது. இடதுபக்கம் போட்டேன், கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்தது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர், "அக்கா, குளிப்பாட்டிட்டுப் போங்க, நான் நிக்கிறேன்" என்றார்.

அக்டோபர் 7, திங்கள்

மாடியில் நான் நடத்தும் அப்பளக் கூடத்துக்குப் பூசணிக்காய் வாங்கி முன்சீட்டில் வைத்தேன். கிளம்பியதும் ரங்கி டிங் டிங் என்று கத்தினாள். நிறுத்தினால் நின்றது, கிளம்பினால் கத்தியது. திரையில் ஒரு சிவப்பு மனிதன், மார்பில் பட்டை. சீட்டில் கனம் இருந்தால் ஆள் என்று நினைக்கிறாள். சரி, போ என்று பூசணிக்காய்க்கு பெல்ட் போட்டேன். உடனே சமாதானமாகிவிட்டாள்.

வீட்டில் இவர் கதவைத் திறந்தார். பெல்ட் போட்ட பூசணிக்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உன்னை நம்பி ஏறினது இது ஒண்ணுதானா" என்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்

ரங்கியோடு இரண்டு புத்தகம் வந்திருக்கிறது. ஒன்று செங்கல் கனம், எப்படி ஓட்டுவது என்று. இன்னொன்று ஒல்லி, வாரண்டி. செங்கல்லைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். மாடியில் அப்பளம் காய்கிறது, நான் படிக்கிறேன். நடுவில் திறந்து படிக்கிற பழக்கம் எனக்கில்லை. முதல் பக்கத்திலிருந்துதான்.

மூன்று விதமாகச் சொல்கிறார்கள். 'எச்சரிக்கை' என்றால் கேட்காவிட்டால் நீ போய்விடுவாய். 'கவனம்' என்றால் கார் போய்விடும். 'குறிப்பு' என்றால் சும்மா ஒரு பேச்சுக்கு. ரொம்பப் பிடித்துவிட்டது எனக்கு. வீட்டில் எல்லோருக்கும் போட்டுப் பார்த்தேன். இவர் தம்பி ஹாலேஷ், எச்சரிக்கை. இவர், கவனம். நான் சொல்வதெல்லாம் குறிப்பு.

வாரண்டியைப் பற்றி ஸ்பூர்த்தியிடம் போனில் கேட்டேன். எலி ஒயரைக் கடித்தால் கிடையாதாம். அதெப்படி, எலி என்ன எங்கள் சொந்தக்காரனா?

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுதபூஜை

தெரு முழுக்க வண்டிகளுக்குக் கல்யாணக் களை. ரங்கிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் முழ முழமாகச் செண்டுமல்லி. குங்குமம் அப்பிய பூசணிக்காயை இவர் சுற்றி உடைத்தார் (பெல்ட் போட்டது வேறு காய்). நான் போட்டதை விட ஒரு மாலை அதிகமாகவே இவர் போட்டார். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

நாலு தெரு சுற்றி வந்தோம். நானும் ரங்கியும்தான். திரையில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. மாலை மறைக்கிறதோ என்னவோ.

அக்டோபர் 12, சனி

மாலையெல்லாம் கழற்றியாயிற்று. மஞ்சள் விளக்கு போகவில்லை. 'ஓட்டுநர் உதவி தற்போது இல்லை' என்கிறது திரை. அம்மா தாயே, இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த சேதிதானே இது.

அக்டோபர் 13, ஞாயிறு

விளக்கு எரிகிறது. வாசல் நிலைக்கு மேலே இருந்த லாடத்தையும் காணோம், பூஜைக்கு ஒட்டடை அடித்தபோது விழுந்திருக்கும். இவரைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்" என்றார்.

அக்டோபர் 15, செவ்வாய்

முதல் தடவை சர்வீஸ் சென்டர். நான் எழுவதற்கு முன்பே இவர் ரங்கியைக் கழுவி வைத்திருந்தார். "அழுக்கோட அனுப்பினா நம்ம மானம் போகும்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அங்கே போனதும் விளக்கு இல்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. குழந்தை வீட்டில் அனலாய்க் கொதிக்கும், டாக்டரிடம் தூக்கிப்போனால் சிரிக்கும். அதே கதை.

"பழுதுன்னு தெரிஞ்சாத்தான் மேடம் வாரண்டியில பண்ண முடியும்" என்றாள் ஸ்பூர்த்தி.

அக்டோபர் 16, புதன்

வீட்டில் திரும்ப எரிகிறது.

அக்டோபர் 19, சனி

ஹாலேஷ் வந்தார். வந்ததும் ரங்கியைத் தடவினார். சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி.

"அண்ணி, இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் ஒரு தடவை மூளை கலங்கிச்சுன்னா அவ்வளவுதான். பத்ராவதியில எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் வாங்கிக்கிறேங்கிறார். விளக்கு எரியுதுன்னு தெரிஞ்சும்."

"நீங்க ஏன் சொன்னீங்க அவர்கிட்ட?"

"நல்லதுக்குத்தான் அண்ணி."

ஹாலேஷ் போன பிறகு இவர் சொன்னார்: "விளக்கு எரியற வண்டியில மலை இறங்கக் கூடாது. அது மட்டும் நடக்காது. என் பஸ்ஸா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்."

"அப்போ தீபாவளி?"

"பஸ்ல போவோம்."

"ரங்கி?"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். மகள் வீட்டுக்குக்கூட எடுத்துப் போக முடியாத கார் எதற்கு என்று ஹாலேஷ் கேட்பார். இவர் ம் என்பார். தெரியாதா எனக்கு.

அக்டோபர் 21, திங்கள்

இரண்டாம் தடவை. காலையில் இவர் கழுவினார். அங்கே விளக்கு இல்லை. ஸ்பூர்த்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "உங்க வீட்டுப் பக்கம் டவர் ஏதாவது இருக்கா மேடம்?" இருக்கிறது, என் கணவர். சொல்லவில்லை.

சாயங்காலமே திரும்ப எரிந்தது.

அக்டோபர் 23, புதன்

மகள் சின்மயி போன் பண்ணினாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் பண்டிகை டூட்டி, வர முடியாது. "அம்மா, நீ ஓட்டிட்டு வர்றேன்னு எங்க வார்டு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன். வாசல்ல நின்னு பார்க்கப்போறாங்களாம்."

சிரித்தேன். போனை வைத்துவிட்டு ரங்கிக்குள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். சீட் குளிர்கிற பொத்தானைப் போட்டுக்கொண்டுதான். அழுகையிலும் சுகம் வேண்டியிருக்கிறது.

டேஷ்போர்டு டப்பாவில் துணி தேடினால் இவருடைய பூதக்கண்ணாடி கிடக்கிறது. இங்கே எப்படி வந்தது? ஏறவே மாட்டேன் என்றவர் ஆயிற்றே. வாரண்டிப் புத்தகத்தில் பக்கங்கள் வேறு கசங்கி இருக்கின்றன.

அக்டோபர் 26, சனி

இனி ஒரே ஒரு தடவைதான் பாக்கி. ஸ்பூர்த்தி திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். பெங்களூரிலிருந்து பெரிய இன்ஜினியர் வருகிறாராம். அவருக்கும் புலப்படாவிட்டால் செவ்வாய்க்கிழமை பத்ராவதிக்காரர் வருகிறார், ஹாலேஷ் ஏற்பாடு. இவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்புப் போடாமல் வைத்தேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

செங்கல்லில் முக்கால்வாசி தாண்டிவிட்டேன். இன்று ரேடார் பற்றிய பக்கம் வந்தது. முன் பம்பரில், கீழே கறுப்பு வலைக்குப் பின்னால் ஒரு தட்டையான பெட்டி. அதுதான் ரங்கியின் கண். படம் போட்டிருக்கிறார்கள். கவனம்: அதன் முன்னால் மாலை, ஒட்டுப்படம், குறிப்பாக இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பிரேக் உதவி நின்று மஞ்சள் விளக்கு எரியும்.

மாலைதான் அன்றைக்கே எடுத்தாயிற்றே? நார் ஏதாவது வலைக்குள் சிக்கியிருக்குமோ. விடிந்ததும் முதல் வேலை அதுதான்.

அக்டோபர் 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணினால் சிரிப்புதான் காரணம்.

பூப்பறிக்கிற நேரத்துக்கே எழுந்து வெளியே போனேன். ரங்கியின் முகத்துக்குக் கீழே இரண்டு கால். லுங்கி.

"என்ன பண்றீங்க?"

டங் என்று தலை இடித்தது.

"கழுவுறேன்."

"வாளி எங்கே?"

ஒரு கால் மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"வெளியே வாங்க."

வந்தார். நெற்றியில் கிரீஸ். ஒரு கையில் பிளேடு. இன்னொரு கையில் கறுப்புக் கயிறும், எங்கள் வாசல் லாடமும்.

அந்த லாடம் வாசலுக்கு வருவதற்கு முன்னால் இவர் பஸ்ஸில் இருந்தது, ஸ்டியரிங்குக்குக் கீழே. இவர் கையால் ஒரு நாய்க்குட்டிகூடச் சாகவில்லை. அதற்குக் காரணம் தன் கை அல்ல, அந்த லாடம் என்பார். ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இதை மட்டும் மடியில் கட்டி எடுத்து வந்தார்.

"பூஜை அன்னைக்கே கட்டிட்டேன். மாலைக்குள்ள. மாலை கழட்டினதும் வலைக்கு உள்பக்கமா மாத்திட்டேன்" என்றார். "நீ பார்த்தா சிரிப்பே. தானா பிரேக் போடுற வண்டிக்கு லாடம் எதுக்குன்னு."

"இப்ப எதுக்கு அவுக்கிறீங்க?"

"சர்வீஸ்காரங்க பார்த்தா வாரண்டி போயிடும். வெளியில எதை மாட்டினாலும் போயிடும்னு போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு?"

"ஒல்லிப் புத்தகத்துல. எட்டாம் பக்கம்."

"நீங்க எப்பப் படிச்சீங்க?"

"நீ மேல அப்பளம் திருப்புறப்போ." லாடத்தை லுங்கியில் துடைத்தார். "எழுத்து பொடியா இருக்கு. தினம் அரைப்பக்கம்தான் ஓடுது."

கண்ணில் சர்க்கரையோடு பூதக்கண்ணாடியைப் பிடித்து தினம் அரைப்பக்கம். சர்வீஸ் நாளில் விடிவதற்குள் அவிழ்த்து, கழுவி, திரும்பி வந்ததும் கையோடு கட்டி. நான் செங்கல்லைப் படித்தேன், இவர் ஒல்லியைப் படித்தார். ஒருத்தர் படித்ததை ஒருத்தரிடம் சொன்னோமா? இரண்டு ஜென்மங்களும் ஒரு வீட்டில்தானே இருக்கிறோம்.

ரேடார் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினேன். படத்தில் விரல் வைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தார், வலையைப் பார்த்தார், கையிலிருந்த லாடத்தைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை நாளும் நான்தான் இவ கண்ணைக் கட்டிவிட்டேனா?"

"ஆமா."

"கண்ணைக் கட்டி, உன்னை அனுப்பியிருக்கேன்."

படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று. எனக்கு அப்போதுதான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும்வரை சிரித்தேன், அதிலேயே அழுகையும் வந்து இரண்டும் கலந்துவிட்டது. "சிரிக்காதடி" என்றார். அப்புறம் அவரும் சிரித்தார்.

"நான் ஓட்டின வரைக்கும் இது என்கூட இருந்துச்சு" என்றார். "இப்ப ஓட்டுறது நீ. அவ்வளவுதான்."

ரங்கியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். விளக்கு இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தியும் இல்லை. சாயங்காலமும் இல்லை.

ஸ்பூர்த்தியிடம் இன்ஜினியர் வேண்டாம், சரியாகிவிட்டது என்றேன். "எப்படி மேடம்?" தானாகவே, என்றேன். வாரண்டியைக் காப்பாற்ற மனுஷன் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார், நான் வாய் விட்டுக் கெடுப்பேனா.

அக்டோபர் 29, செவ்வாய்

ஹாலேஷ் பத்ராவதிக்காரரோடு வந்தார். இவர் வாசலில் நின்று, "வண்டி விக்கிறதுக்கில்ல" என்றார். "விளக்கு எரியுதே அண்ணா?" "யாரு சொன்னா? வீட்டுக்காரி வண்டியைப் பத்தி வீட்டுக்காரியைக் கேளு."

பத்ராவதிக்காரருக்குக் காபி கொடுத்தேன். ஹாலேஷுக்கும். சர்க்கரை போட்டுத்தான்.

அக்டோபர் 31, வியாழன். உடுப்பி

வந்து சேர்ந்துவிட்டோம். டூட்டி முடிந்து வந்த சின்மயி எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று கூப்பிடுகிறாள், இதை எழுதிவிட்டுப் போகிறேன்.

இவர் முன்சீட்டில். பூசணிக்காய் இருந்த இடம். பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டார். மடியில் லாடம். தீர்த்தஹள்ளிவரை கண்ணாடியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். ஆகும்பேயில் இறக்கம் தொடங்கியதும் வாய் திறந்தது. "செகண்ட்." "ஹாரன் அடி." "இது நாகப்பன் திருப்பம், வெளிப்பக்கம் பிடி." எதிரே ஏறி வந்த மினி பஸ் டிரைவர் இவரை அடையாளம் கண்டு, ஓட்டுகிறது நான் என்றும் கண்டு, தலையில் கை வைத்துக் கும்பிட்டார். இவர் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஹெப்ரிக்கு வெளியே ஒரு எருமைக்கன்று, வேலியிலிருந்து ஒரே பாய்ச்சல். நான் பார்த்தேன். பிரேக்குக்குக் கால் போவதற்குள் ரங்கி நின்றுவிட்டாள். பெல்ட் நெஞ்சைப் பிடித்து இழுத்தது. கன்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போயிற்று.

"நீயா மிதிச்சே?"

"இல்ல."

"நானும் இல்ல" என்றார். அவர் வலது கால் கீழே தரைவிரிப்பில் பிரேக் மிதிப்பதுபோல் அழுந்தியிருந்தது, அப்படியே.

மூன்று நாள் முன்புவரை அவள் கண்ணை அந்த லாடம் மறைத்திருந்தது, இருவருக்கும் அதே நினைப்புதான். பிறகு டேஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டினார். டிப்போவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தட்டுவார், அதே மாதிரி.

ஆஸ்பத்திரி வாசலில் வார்டே நின்றது. நர்ஸ்கள் கை தட்டினார்கள். திரும்பவும் எனக்கு. நன்றி சொல்ல ஹாரன் அடிக்கப்போய் வைப்பரைப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

வீடு வந்தாயிற்று.

வரும்போது மழைத் தூறல். மலை ஏறுகிறேன். செகண்ட் போட்டேன், யாரும் சொல்லவில்லை. ஹாரன் அடித்தேன். நாகப்பன் திருப்பம் வந்தது, வெளிப்பக்கம் பிடித்தேன். ஒரு ம் கூட இல்லை. கோபமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்து, தலை என் பக்கம் சாய்ந்து. லாடம் கையிலிருந்து நழுவி மடியில் கிடந்தது.

திரையில் காபிக் கோப்பை படம் வந்தது. ரொம்ப நேரமாக ஓட்டுகிறாய், நிறுத்தி இளைப்பாறு என்று ரங்கி மணியடிக்கத் தொடங்கினாள். ஒரே மணிதான் அடித்தாள். சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் எது என்று எனக்கு இப்போது பார்க்காமலே தெரியும்.